முதல் 24 மணி நேரம்: தாயிடமிருந்து சேய்க்கு ஹெபடைடிஸ் பி தொற்றாமல் காக்கும் வழி

கருவுற்ற பெண்ணுக்குச் செய்யப்படும் முதல் இரத்தப் பரிசோதனைகளுள் ஒன்று எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பதாகும். இரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றின் முடிவுகளோடு அதன் முடிவும் வந்து சேரும். பெரும்பாலோருக்கு அதன் நேரே ‘நெகட்டிவ்’ என்றிருக்கும். அதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. சிலருக்கு மட்டும் அந்த இடத்தில் ‘பாசிட்டிவ்’ என்று வருகிறது. வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் பேச்சு குறைந்துபோகிறது. “நான் எந்தத் தவறும் செய்யவில்லையே, எனக்கு இது எப்படி வந்தது?” என்று அந்தப் பெண் கேட்கிறாள். “பிறக்கப்போகும் குழந்தைக்கும் வந்துவிடுமா?” என்று வீட்டார் கேட்கின்றனர்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் நாம் விடை தெரிந்துகொள்வது அவசியம். ஒன்றின் விடை மற்றொன்றோடு பின்னிக்கிடக்கிறது. இந்த இதழின் பாடத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி தாயிடமிருந்து சேய்க்கு எவ்வாறு செல்கிறது, குழந்தை பிறந்த முதல் நாளிலேயே போடப்படும் ஊசி அதை எவ்வாறு தடுக்கிறது, குடும்பத்தார் செய்யவேண்டியவை யாவை என்பவற்றைப் பார்ப்போம்.

ஓசையின்றி வாழும் கிருமி

ஹெபடைடிஸ் பி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் கிருமி. மஞ்சள் காமாலை என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் அசுத்தமான குடிநீராலும் உணவாலும் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ ஆகிய வகைகளே. அவை வந்த வேகத்தில் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகின்றன. ஹெபடைடிஸ் பி அவ்வாறன்று. அது இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. சிலருடைய உடலில் நிலைத்துத் தங்கிவிடுகிறது. ஆறு மாதங்களுக்கு மேலும் இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் காணப்பட்டால் அதை நாட்பட்ட தொற்று என்கிறோம்.

நாட்பட்ட தொற்று உடையவர் பல்லாண்டுகள் எவ்விதத் தொல்லையுமின்றி நடமாடக்கூடும். பசிக்கும், உறக்கம் வரும், வேலைக்குப் போவார், பிள்ளை பெறுவார். உள்ளே கல்லீரல் மட்டும் மெல்ல மெல்ல வடுப்பட்டு இறுகும். இதுவே சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய். சிலருக்கு அது புற்றுநோயாக மாறுகிறது. சிரோசிஸ் நிலையை அடையாமலே புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகெங்கும் 25.4 கோடிப் பேர் இத்தொற்றுடன் வாழ்ந்தனர். அந்த ஓராண்டில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் அதனால் இறந்தனர். இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3 கோடிப் பேருக்கு இத்தொற்று இருப்பதாக அவ்வறிக்கை கூறுகிறது.

பிறந்த குழந்தைக்கு ஏன் இத்தனை ஆபத்து?

இக்கிருமி ஒருவரின் உடலில் நிலைத்துவிடுமா, நீங்கிவிடுமா என்பதை முடிவு செய்வதில் முதன்மையானது அவருடைய வயது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்கள் நூறு பேருக்குத் தொற்று ஏற்பட்டால், 95 பேருக்கு மேல் அதைத் தாமாகவே வென்றுவிடுகின்றனர். அவர்களுக்குக் காமாலை வரலாம், களைப்பு வரலாம். ஆனால் சில மாதங்களில் கிருமி நீங்கிவிடும். பிறந்த குழந்தைக்கு நேர்வது இதற்கு நேர்மாறானது. பிறக்கும் வேளையில் தொற்று ஏற்பட்ட நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 90 பேரின் உடலில் கிருமி நிலைத்துத் தங்கிவிடுகிறது.

பெரியவரின் உடல், உள்ளே நுழைந்த கிருமியைப் பகையென்று கண்டு போரிடுகிறது. காய்ச்சலும் காமாலையும் அந்தப் போரின் அடையாளங்கள். பச்சைக்குழந்தையின் எதிர்ப்பாற்றல் இன்னும் முதிரவில்லை. அது அக்கிருமியைப் பகையென்று இனம் காண்பதில்லை. ஆகவே போரும் இல்லை, காய்ச்சலும் இல்லை, கண்ணில் மஞ்சளும் இல்லை. குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், சிரிக்கும். எந்த அறிகுறியும் இல்லாதிருப்பதே இதில் பெரிய ஏமாற்று. குழந்தைப் பருவத்தில் நிலைத்த தொற்று உரிய கண்காணிப்பும் சிகிச்சையும் இன்றி விடப்பட்டால், ஏறத்தாழ நான்கில் ஒருவர் பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்தாலோ புற்றுநோயாலோ அகால மரணம் அடைகின்றனர். முப்பது, நாற்பது வயதில், குடும்பத்தின் பாரம் முழுவதும் தோளில் இருக்கும் காலத்தில், அந்த நோய் வெளிப்படுகிறது.

தாய்க்கு இத்தொற்று இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதும் அறியத்தக்கது. தாயின் இரத்தத்தில் கிருமி மிகுதியாகப் பெருகிக்கொண்டிருப்பதைக் காட்டும் எச்.பி.இ.ஏ.ஜி. என்னும் இன்னோர் அடையாளம் உண்டு. அதுவும் பாசிட்டிவ்வாக உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில், தடுப்பு எதுவும் செய்யாவிடில், 70 முதல் 90 பேருக்குத் தொற்றிவிடும். அது நெகட்டிவ்வாக உள்ள தாய்மாரின் குழந்தைகளில் 10 முதல் 40 பேருக்குத் தொற்றக்கூடும். கருப்பையிலேயே தொற்றுவது குறைவு. பெரும்பாலான தொற்று பிரசவ வேளையில், தாயின் இரத்தமும் பிற நீர்களும் குழந்தையின் உடலில் படும்போது நிகழ்கிறது. எனவே, தொற்றும் வேளை இன்னதென்று நமக்கு முன்னரே தெரியும். தடுப்பதற்கு அதுவே பெரிய வாய்ப்பு.

தாய்க்கு எப்படி வந்தது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ‘பாசிட்டிவ்’ என்றதும் பல வீடுகளில் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தையோ, அவள் கணவனின் ஒழுக்கத்தையோ ஐயுறும் பேச்சு எழுகிறது. இது கொடுமையானது, பெரும்பாலும் உண்மைக்கும் புறம்பானது. இன்று பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பலர், பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசி போடும் வழக்கம் நாடெங்கும் பரவாத காலத்தில் பிறந்தவர்கள். இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி 2002இல் சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டு, 2011இல்தான் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது.

ஆகையால், இன்று ‘பாசிட்டிவ்’ என்று அறியும் தாய்க்கு அது தன் பிறப்பிலேயே, தன் தாயிடமிருந்து, அந்தத் தாயும் அறியாத வண்ணம் வந்திருக்கலாம். சிறு வயதில் வீட்டில் மற்றொருவரிடமிருந்தோ, சரியாகக் கொதிக்கவைக்கப்படாத ஊசியின் வழியாகவோ வந்திருக்கலாம். பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் ஒருவரும் அறியாமல் இறங்கி வந்த சங்கிலி இது. யார் மீதும் பழி சுமத்துவதற்கு இதில் இடமில்லை. அந்தச் சங்கிலியை அறுக்கும் வாய்ப்பு, குழந்தை பிறக்கும் நாளில் நம் கையில் இருக்கிறது.

கிருமியை முந்திக்கொள்ளும் ஊசி

‘கிருமி உடலில் பட்ட பிறகு தடுப்பூசி போட்டு என்ன பயன்?’ என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஹெபடைடிஸ் பி மெதுவாக வேலை செய்யும் கிருமி. உடலில் நுழைந்தபின் அது பெருகி நோயாக வெளிப்பட ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகிறது. தடுப்பூசியோ அதற்கு முன்பே உடலைப் பழக்கி, எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்கிவிடுகிறது. கிருமி வேரூன்றுமுன் காவல் தயாராகிவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த அவசரம். ஒவ்வொரு நாள் தாமதமும் கிருமிக்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் வெளியுறையில் உள்ள ஒரு புரதத்தை மட்டும், ஈஸ்ட் எனப்படும் நுண்ணுயிரின் உதவியால் தனியே தயாரித்து அதில் சேர்க்கின்றனர். ஆகவே ஊசியால் நோய் வரும் என்ற அச்சத்துக்கு இடமே இல்லை.

தாய்க்குத் தொற்று உறுதியாகியிருந்தால், குழந்தைக்கு இன்னோர் ஊசியும் போடப்படும். அதன் பெயர் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின். இது எதிர்ப்பொருளை நேரடியாக உடலில் செலுத்துவது. தடுப்பூசி, குழந்தையின் உடலுக்குப் போரிடக் கற்றுக்கொடுக்கிறது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் காவல் நிற்க வெளியிலிருந்து அனுப்பப்படும் படை போன்றது இம்யூனோகுளோபுலின். இதனைப் பிறந்து 12 மணி நேரத்துக்குள் போடுவது சிறந்தது. இரண்டு ஊசிகளும் ஒரே வேளையில், ஆனால் வெவ்வேறு தொடைகளில் போடப்படும். ஒரே இடத்தில் போடக்கூடாது.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் தடுப்பூசி மட்டுமே, மற்றத் தவணைகளோடு சேர்ந்து, பெரும் அளவில் தொற்றைத் தடுத்துவிடுகிறது. இம்யூனோகுளோபுலினும் உரிய நேரத்தில் சேர்ந்தால் 85 முதல் 95 விழுக்காடு வரை தடுக்க முடிகிறது. இம்யூனோகுளோபுலின் உடனே கிடைக்கவில்லை என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாகாது. தடுப்பூசியை முதலில் போட்டுவிட வேண்டும். மற்றதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கலாம்.

ஒரு சிறு தீவு காட்டிய பாடம்

இக்கிருமியின் அடையாளத்தை முதலில் கண்டவர் அமெரிக்க ஆய்வாளர் பரூக் பிளம்பெர்க். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் அவர் கண்ட ஒரு புரதமே இன்று நாம் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று பரிசோதிப்பது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளாகிய ஜூலை 28, இன்று உலக ஹெபடைடிஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இக்கிருமிக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஐயமற நிறுவியது தைவான் தீவில் நடந்த ஆய்வு. பால்மர் பீஸ்லி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கிருமி இல்லாதவர்களைவிடக் கிருமி உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 200 மடங்குக்கும் மேல் என்று அவர்கள் கண்டனர். தைவானில் அக்காலத்தில் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவது மிகுதியாக இருந்தது.

1984 ஜூலையில் தைவான் அரசு, தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகள் அனைவருக்கும் பிறந்தவுடன் தடுப்பூசி போடத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் அதை விரிவாக்கியது. திட்டம் தொடங்கியபோது தைப்பே நகரில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் அளவில் இத்தொற்று இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1999இல், அது நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 1997இல் அந்நாட்டு மருத்துவர்கள் அறிவித்தனர். ஒரு தடுப்பூசியால் புற்றுநோயைத் தடுக்க இயலும் என்பதற்கு உலகம் கண்ட முதற்சான்று இது.

நம் நாட்டு அட்டவணை

நம் நாட்டில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை போடப்படுகிறது. தாய்க்குத் தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாக் குழந்தைகளுக்கும் இது உண்டு. பரிசோதனை செய்யத் தவறியிருக்கலாம். முடிவு வந்து சேராமல் இருக்கலாம். பரிசோதனைக்குப் பின்னர் தாய்க்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம். இவை எவற்றாலும் குழந்தை காவலின்றி விடப்படக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு மருந்து ஆகியவற்றோடு இதையும் அதே நாளில் போடலாம்.

அதன்பின் 6, 10, 14ஆம் வாரங்களில், அதாவது ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில், பென்டாவேலண்ட் எனப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் இதுவும் சேர்ந்தே வருகிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹிப் கிருமியால் வரும் நோய்கள் ஆகியவை மற்ற நான்கு. இந்தியாவில் இந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் முதலில் வழங்கியவை தமிழ்நாடும் கேரளமும் ஆகும். 2011 டிசம்பரில் அது தொடங்கியது.

முதல் தவணை தனியாகவும், அடுத்த மூன்று தவணைகள் கூட்டாகவும் வருவதால், ‘ஒன்றரை மாத ஊசியில் இது இருக்கிறதே, முதல் நாளில் எதற்கு?’ என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். ஒன்றரை மாதத்தில் போடும் ஊசி, பிறக்கும்போதே நுழைந்துவிட்ட கிருமியைப் பிடிக்க முடியாது. முதல் நாள் ஊசி செய்யும் வேலையை வேறெந்த நாளின் ஊசியும் செய்யாது. ஏதேனும் காரணத்தால் 24 மணி நேரம் கடந்துவிட்டால், இனி வேண்டாம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லி எவ்வளவு விரைவில் இயலுமோ அவ்வளவு விரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்ப காலத்திலேயே செய்யத்தக்கது

தாயின் இரத்தத்தில் கிருமியின் அளவு மிக அதிகமாக இருந்தால், இரண்டு ஊசிகளும் போட்ட பின்னும் சில குழந்தைகளுக்குத் தொற்றிவிடுகிறது. இதைத் தவிர்க்க, கிருமியின் அளவைக் காட்டும் டி.என்.ஏ. பரிசோதனை செய்யப்படுகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால், டெனோஃபோவிர் என்னும் மாத்திரையை நாளொன்றுக்கு ஒன்று வீதம் கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் கொடுப்பர். இது கிருமியின் பெருக்கத்தை அடக்குகிறது; குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. எந்த மாதத்தில் தொடங்குவது, பிரசவத்துக்குப் பின் எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தாமாக நிறுத்தினால் தாயின் கல்லீரலில் அழற்சி திடீரென மிகக்கூடும்.

2018 ஜூலை 28ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனைகளும் மருந்துகளும் இலவசமாக வழங்கப்படுகின்றன. விலை மிகுந்த இம்யூனோகுளோபுலினும் அத்திட்டத்தில் அடங்கும். உங்களுக்கு அருகில் எந்த மருத்துவமனையில் இவ்வசதி உள்ளது என்பதை முன்னரே கேட்டறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்வீட்டுக்குப் போகும்போது

நம் வழக்கப்படி தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து, பெண் தன் ஊருக்குச் செல்கிறாள். அதுவரை பார்த்த மருத்துவமனை ஒன்று, பிரசவம் நடக்கும் மருத்துவமனை வேறொன்று. வளையல்களும் புடவைகளும் மூட்டை கட்டப்படும் அவசரத்தில் பரிசோதனைத் தாள் புகுந்த வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. சில வேளைகளில் வெட்கத்தாலோ அச்சத்தாலோ அந்தத் தாள் வேண்டுமென்றே மறைக்கப்படுவதும் உண்டு. நள்ளிரவில் வலி கண்டு வரும் பெண்ணைப் பார்க்கும் மருத்துவருக்கு, அவளுக்கு இத்தொற்று இருப்பது தெரிய வழியில்லை. இம்யூனோகுளோபுலின் போடவேண்டிய 12 மணி நேரம் அப்படியே கடந்துபோகிறது.

ஆகவே குடும்பத்தாரிடம் நாம் வேண்டிக்கொள்வது இவை:

எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனை செய்யப்பட்டதா, முடிவு என்ன என்பதை மூன்றாம் மாதத்துக்குள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாசிட்டிவ் என்றால், முடிவைத் தாய் சேய் நல அட்டையில் தெளிவாகக் குறிக்கச் சொல்லுங்கள். அட்டையும் பரிசோதனைத் தாள்களும் தாயோடு எங்கும் செல்லட்டும்.

பிரசவம் எந்த மருத்துவமனையில் நடக்கவிருக்கிறதோ, அங்கே எட்டாம் மாதத்திலேயே ஒருமுறை சென்று, தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் பிரசவத்தன்று தயாராக இருக்குமா என்று கேளுங்கள்.

வலி வந்து மருத்துவமனைக்குள் நுழைந்ததும், கேட்கப்படாவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “இவளுக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், குழந்தைக்கு உடனே ஊசி போட வேண்டும்.”

குழந்தை பிறந்த நேரத்தையும், ஒவ்வோர் ஊசியும் போட்ட நேரத்தையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் என்று எதற்காகவும் தள்ளிப்போட இசையாதீர்கள்.

குடும்பத்தார் கேட்கும் ஐயங்கள்

*பச்சைக்குழந்தை ஊசியைத் தாங்குமா?* தாங்கும். ஊசி போட்ட இடத்தில் சற்று வலியோ சிவப்போ, சில குழந்தைகளுக்கு இலேசான காய்ச்சலோ வரலாம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். கடும் ஒவ்வாமை என்பது பத்து லட்சம் தவணைகளில் ஒன்று என்ற அளவிலேயே காணப்படுகிறது.

*குறைந்த எடையோடு, குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு?* தாய்க்குத் தொற்று இருந்தால் அக்குழந்தைக்கும் காலம் தாழ்த்தாமல் ஊசி போட வேண்டும். 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் போட்ட முதல் தவணையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன்பின் மூன்று தவணைகளும் தவறாமல் போடப்பட வேண்டும்.

*தாய்ப்பால் கொடுக்கலாமா?* தாராளமாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலால் இத்தொற்று பரவுவதில்லை. டெனோஃபோவிர் உட்கொள்ளும் தாயும் பால் கொடுக்கலாம். மார்புக்காம்பில் வெடிப்போ இரத்தக்கசிவோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். தொற்றைக் காரணம் காட்டிக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது தேவையற்றது. தாய்க்கும் சேய்க்கும் தீங்கு செய்வது.

*அறுவை செய்து குழந்தையை எடுத்தால் தொற்றாமல் இருக்குமா?* இதற்காக மட்டும் சிசேரியன் செய்யத் தேவையில்லை. வேறு மருத்துவக் காரணம் இருந்தால் அது தனி.

*தாய்க்குத் தனித் தட்டு, தனிப் பாய் வைக்க வேண்டுமா?* வேண்டாம். ஒன்றாக உண்பதாலோ, தொடுவதாலோ, அணைப்பதாலோ, இருமல் தும்மலாலோ இது பரவாது. குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம், முத்தமிடலாம். ஆனால் சவரக் கத்தி, பல்துலக்கி, நகவெட்டி போன்றவற்றைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. உலர்ந்த இரத்தத்திலும் இக்கிருமி 7 நாள்கள் வரை உயிர்ப்போடிருக்கும்.

*கீழாநெல்லி கொடுத்தால் போதாதா?* காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் மக்களிடம் நெடுநாளாக வழங்கிவரும் நம்பிக்கை. இதை அறிவியலாளர்கள் புறக்கணித்துவிடவில்லை. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மேலே சொன்ன பிளம்பெர்க்குடன் இணைந்து, ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவர்களுக்கு அதைக் கொடுத்து ஆராய்ந்து, 1988இல் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டனர். எனினும், பின்னர் பிறர் செய்த ஆய்வுகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. எவ்வாறாயினும், பிறந்த குழந்தைக்குத் தொற்றாமல் காக்கும் ஆற்றல் எந்த மூலிகைச் சாற்றுக்கும் இருப்பதாக நிறுவப்படவில்லை. பிறந்த குழந்தையின் வாயில் சாறு எதையும் ஊற்றாதீர்கள். அதற்குத் தாய்ப்பால் ஒன்றே உணவு; இத்தொற்றுக்கு ஊசியே காவல்.

ஊசியோடு முடிந்துவிடவில்லை

தொற்றுள்ள தாயின் குழந்தைக்கு எல்லாத் தவணைகளும் முடிந்தபின், 9 முதல் 12 மாத வயதுக்குள் ஓர் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். அதில் இரண்டு செய்திகள் தெரியவரும். எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ் என்றால் குழந்தைக்குத் தொற்று இல்லை. எதிர்ப்பொருளின் அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு அமைந்துவிட்டது. தொற்றும் இல்லை, எதிர்ப்பொருளும் போதவில்லை என்றால் மீண்டும் தடுப்பூசித் தவணைகள் தேவைப்படும். ஒன்பது மாதத்துக்கு முன் பார்த்தால், பிறந்த அன்று வெளியிலிருந்து செலுத்திய எதிர்ப்பொருளே கணக்கில் வந்து நம்மைக் குழப்பக்கூடும்; அதனால்தான் இந்தக் காத்திருப்பு. குழந்தை நன்றாக ஓடி விளையாடுகிறது என்று எண்ணி இப்பரிசோதனையைக் கைவிடுவோர் பலர். இந்நோயில் நலமான தோற்றம் எதையும் உறுதிப்படுத்துவதில்லை என்பதை மறக்கலாகாது.

எல்லாம் செய்தும் சில குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படலாம். அப்போதும் மனம் தளர வேண்டியதில்லை. முறையான கண்காணிப்பில் இருந்தால், சிகிச்சை தேவைப்படும் காலத்தை அறிந்து மருந்து கொடுத்துக் கல்லீரலைக் காக்க இயலும்.

தாயையும் மறந்துவிடக்கூடாது. பிரசவத்துக்குப் பின் வீட்டின் கவனம் முழுவதும் தொட்டிலின் பக்கம் திரும்பிவிடுகிறது. தாயின் தொற்று யார் நினைவிலும் இருப்பதில்லை. அவளுக்கு வாழ்நாள் முழுவதும் கண்காணிப்புத் தேவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் கல்லீரல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் இரத்தப் பரிசோதனைகளையும் தேவையானபோது ஸ்கேனையும் செய்துகொள்ள வேண்டும். கணவர், மூத்த குழந்தைகள், பெண்ணின் தாய், உடன்பிறந்தோர் ஆகியோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நன்று. தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். தொற்று இருப்பவர்கள் நோய் முற்றுமுன் சிகிச்சை பெறலாம். ஒரு மகளின் கர்ப்பகாலப் பரிசோதனையால் ஐம்பது வயதுத் தாயின் கல்லீரல் நோய் உரிய காலத்தில் தெரியவரும் வாய்ப்பும் இதில் உண்டு.

இன்று தேசியத் திட்டத்தின்கீழ் பிறந்து, முதல் நாளிலேயே ஊசி போட்டுக்கொண்ட பெண் குழந்தைகள் நாளை தாய்மார் ஆவார்கள். அவர்களின் பரிசோதனைத் தாளில் ‘நெகட்டிவ்’ என்ற சொல் இருக்கும். யாரும் அதை இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள். அந்த நாளை நெருங்கிக் கொணர்வது மருத்துவமனையின் கையில் மட்டும் இல்லை. பிரசவ அறையின் வாசலில் காத்திருக்கும் நீங்கள், “என்ன குழந்தை?” என்று கேட்டவுடன், “ஊசி போட்டாயிற்றா?” என்றும் கேளுங்கள்.